ஒரு டோக்கன், இரண்டு உடம்பு

எங்கள் வீட்டில் மருமகள்கள் இரண்டு பேர். நான் மூத்தவள். சின்னவள் என் கொழுந்தனாரின் மனைவி. ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையுமாகத்தான் இருப்பார்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. எங்களைப் பார்த்து ஊர் ஏமாந்து போனது, பாவம். அவள் கல்யாணமாகி வந்த முதல் வாரமே நான் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த முந்திரி டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாள். மாட்டிக்கொண்டோம் என்று நான் முழித்தேன். அவளோ ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இதெல்லாம் ஒரு முந்திரியாக்கா? எங்கூர்லேருந்து நான் கொண்டாரேன் பாருங்க" என்றாள். வரதராஜன்பேட்டைக்காரி. சொன்னபடி கொண்டுவந்தாள். அன்றிலிருந்து எங்களுக்குள் எல்லாமே பங்கு. பவுடர், செருப்பு, மாமியார் மேல் வருகிற கோபம், மாத்திரை எல்லாம்.

மாத்திரைதான் எங்களை வம்பில் மாட்டிவிட்டது.

குன்னத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரி நிலம். மக்காச்சோளமும் பருத்தியும் போடுவோம். கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற இடத்தில் சின்ன வெங்காயம். சோளம் அடிக்கிற மிஷின் வந்துவிட்டால் ஊரே தும்மும். சின்னவள் மட்டும் மிஷின் வராமலேயே தும்முவாள். விடியும்போது தொடங்கினால் காப்பி குடிக்கும் வரை ஓயாது. மூக்கு எந்நேரமும் அடைத்தே கிடக்கும், வாயால்தான் மூச்சு விடுவாள். கன்னமும் நெற்றியும் கல்லைக் கட்டினாற்போல் கனக்கிறது என்பாள். ராத்திரி அவள் விடுகிற குறட்டைக்கு என் கொழுந்தனார் மாட்டுக்கொட்டகைப் பக்கம் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

எனக்குத் தும்மல் கிடையாது. எனக்கு வலி. எங்கே வலிக்கிறது என்று யாராவது கேட்டால் எரிச்சலாக வரும். எங்கே வலிக்கவில்லை என்று கேட்டால் சொல்லலாம், பதில் சுருக்கமாக இருக்கும். கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், இன்றைக்கு இங்கே என்றால் நாளைக்கு அங்கே. ராத்திரி நன்றாகத்தான் தூங்குவேன். எழுந்தால் ராத்திரி முழுக்கக் களை வெட்டினவள் மாதிரி இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை மறந்து போகும். குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று நின்று யோசிப்பேன். யோசித்துவிட்டு இன்னொரு தரம் போடுவேன்.

அவளுக்கும் தலைபாரம், எனக்கும் தலைபாரம். அவளுக்கும் அசதி, எனக்கும் அசதி. காலையில் இரண்டு பேர் முகமும் உப்பிப்போய் இருக்கும். எங்கள் மாமியார், நாங்கள் அத்தை என்று கூப்பிடுகிறவர், ஒரே வரியில் முடித்துவிட்டார். "ரெண்டு பேருக்கும் தலையில நீர் கோத்துக்கிச்சு." அக்கம்பக்கத்தில் படித்தவர்கள் அதையே சைனஸ் என்றார்கள். அவ்வளவுதான், தலைக்குக் குளிப்பதற்குத் தடை வந்துவிட்டது. வாரம் தவறாமல் நொச்சித் தழையைக் கொதிக்க வைத்து, ஒரே போர்வைக்குள் இரண்டு தலைகளையும் விட்டு ஆவி பிடிக்க வைத்தார் அத்தை. போர்வைக்குள் இருட்டில் சின்னவள் அத்தையைப் போலவே பேசிக் காட்டுவாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவேன். வெளியிலிருந்து அத்தை, "பாத்தியா, சளி ஒடயுது" என்பார்.

பெரம்பலூரில் மூக்குக்குப் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருந்தார். கைராசிக்காரர் என்று பேர். காலையில் போய் டோக்கன் வாங்கினால் மதியத்துக்கு மேல்தான் கூப்பிடுவார்கள். வெங்காயம் பிடுங்கி, காய்ந்த தழைத் தாளை அறுத்தெடுக்கிற சமயத்தில் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் ஒரு நாளைத் தொலைத்துவிட்டு வர முடியுமா? ஒருத்தி போனால் போதும் என்று முடிவானது. முதலில் சின்னவள் போனாள். டாக்டர் லைட் அடித்து மூக்கைப் பார்த்து, உள்ளே வீங்கியிருக்கிறது என்று சொல்லி, வேறு என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறார். இவளுக்கு என் ஞாபகம் வந்துவிட்டது. "உடம்பெல்லாம் வலிக்குது சார். தோள்ல கைய வெச்சாலே உசுரு போவுது" என்று என்னுடையதையும் சேர்த்துத் தன்னுடையதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

"ஏண்டி, வீட்ல அக்காவுக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, அவங்களக் கூட்டிட்டு வான்னுவாருக்கா. நீங்க எங்க வருவீங்க? அதான் ஒரே டோக்கன்ல முடிச்சுட்டேன்."

பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டோம் என்று இருவருமே நினைத்தோம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று எழுதிக் கொடுத்த மாத்திரையில் காலை மாத்திரையை அவள் போட்டுக்கொண்டாள், ராத்திரி மாத்திரையை நான் போட்டுக்கொண்டேன். இதைவிட நியாயமாக ஒரு பாகப்பிரிவினை எந்த வீட்டிலும் நடந்திருக்காது. அரை வைத்தியம் இரண்டு பேருக்கு. குணமாவதாவது, மண்ணாவது!

அடுத்த முறை நான் போனேன். கொரோனாவுக்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் முகக்கவசம் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அதோடு இன்னொன்றும் இருந்தது. மருமகள்களுக்குள் பொறாமை வந்துவிடக் கூடாது என்று அத்தை எங்களுக்கு எப்போதும் ஒரே ரகத்தில், ஒரே நிறத்தில், ஒரே கரையில்தான் சேலை எடுப்பார். நாங்களும் ஏறக்குறைய ஒரே உயரம். மயில் கழுத்து நிறச் சேலையும் முகக்கவசமுமாக, சின்னவளின் பழைய சீட்டோடு நான் போய் உட்கார்ந்ததும் டாக்டர், "எப்படிம்மா இருக்கு? மூக்கடைப்பு கொறஞ்சுச்சா?" என்றார். நான் வேற ஆளு சார் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் அடுத்த டோக்கன்காரர் கதவைத் திறந்துகொண்டு நின்றார். "கொறயல சார்" என்றேன். பொய்யில்லை, சின்னவளுக்குக் குறையவில்லைதானே.

இப்படியே மாறி மாறிப் போனோம். கூட்டம் நெரிந்ததால் மறுபடி முகக்கவசத்தை இறக்கச் சொல்லி மூக்கைப் பார்க்க அவருக்கு நேரமில்லை, கேட்டு எழுதுவதோடு சரி. அந்த டாக்டரை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். உலகத்திலேயே இல்லாத ஒரு பெண்ணுக்கு அவர் அக்கறையாக வைத்தியம் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு மூக்கு சின்னவளுடையது, முதுகு என்னுடையது. மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் இரண்டும் அடங்கவில்லை என்றதும், முகத்துக்கு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். அது யார் போகிற முறை? என் முறை.

ஸ்கேனைப் பார்த்ததும் மனிதர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "அட! மருந்து பிரமாதமா வேலை செஞ்சிருக்கும்மா. மூக்கு கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. இனிமே உடம்பு வலி, அசதி எல்லாம் தானா போயிரும். போகலேன்னா மனசுதான் காரணம். மனசச் சந்தோசமா வெச்சுக்குங்க."

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் எனக்கு அழுகையாக வந்தது. நோய் இல்லை என்று சொன்னதற்கு அழுத ஒரே ஆள் அந்த பஸ்ஸில் நானாகத்தான் இருப்பேன். ஜன்னல் கம்பியில் தோள் இடிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டேன். மனசாம் மனசு! மனசு நன்றாகத்தான் இருக்கிறது, தோள்தான் வலிக்கிறது என்று அந்த ஆளிடம் சொல்லத் தோன்றாமல் போயிற்றே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

வீட்டில் சின்னவள் துள்ளிக் குதித்தாள். "நமக்கு ஒண்ணுமே இல்லியாக்கா? நல்லாயிருச்சா?" என்று வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு வரிசையாகத் தும்மினாள். ஸ்கேன் சரி என்று சொல்லிவிட்டதால் மருந்தையும் நிறுத்திவிட்டாள். நான்தான் படித்தவள், பத்தாவது வரை போனவள். எனக்காவது உறைத்திருக்க வேண்டாமா? சுத்தமாக இருந்தது என் மூக்கு, அவளுடையதை யாரும் படமே எடுக்கவில்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. வலிக்கிற தலைக்குள் எதுவும் லேசில் ஏறாது.

அத்தைக்கு வேறொன்று ஏறிவிட்டது. மூக்கு சரியாகிவிட்டது, ஆனால் பெரியவள் இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அடுத்த வெங்காய அறுப்பில், களத்தில் பெண்களெல்லாம் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருக்கும்போது நான் பாதியில் எழுந்து வந்து வேப்பமரத்தடியில் படுத்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை சொன்னார்.

"சின்னவ ஒருத்தி எத்தனை பேருக்குத்தான் ஒழைப்பா? டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு. இனிமே என்ன சாக்கு? தை பொறந்ததும் தனி அடுப்பு வெச்சிருவோம். அவங்கவங்க பாட்ட அவங்கவங்க பாத்துக்கட்டும்."

என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கொழுந்தனாரும் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அண்ணனும் தம்பியும் ரசத்துக்குள் எதையோ தொலைத்துவிட்டவர்கள் மாதிரி.

தனி அடுப்பு என்றால் எங்கள் பக்கத்தில் லேசான விஷயமில்லை. ஒரு வீட்டில் இரண்டாவது அடுப்பு மூட்டினால் அது இரண்டாவது வீடு. வாசலில் பொங்கல் பானை இரண்டாகும். முற்றத்தில் ஒரு நாள் சுவர் வரும். எனக்குச் சுவரைப் பற்றிக்கூடக் கவலையில்லை. காலையில் அவள் தும்மிக்கொண்டே தேங்காய் துருவ, நான் முனகிக்கொண்டே அடுப்பை மூட்ட, ஊர்க்கதையெல்லாம் அந்த அடுப்பு முன்னால்தான் வேகும். நாள் முழுக்க வலிக்கிற எனக்கு அந்த ஒரு மணி நேரத்தில்தான் வலி மறக்கும். அதைப் போய் இரண்டாக்குவதா? அதுவும் நான் நடிக்கிறேன் என்று சொல்லியா?

அதைவிட மோசம், நான் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மனசுதான் காரணம் என்றால் மனசை மாற்றிப் பார்ப்போமே என்று ஒருநாள் விடியும்போதே எழுந்து, துவைத்து, அரைத்து, களை வெட்டி, சாணி தெளித்து, எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே செய்தேன். அத்தை ஆச்சரியமாகப் பார்த்தார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் என்னால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. சேலை உடம்பில் படுவதே வலித்தது. "ரெண்டு நாளைக்கு ஒருக்கா வர்ற சீக்கு" என்று அத்தை அதற்கும் ஒரு பேர் வைத்தார்.

தை எங்கள் தலைமேல் தொங்கிக்கொண்டிருக்கும்போது, ஆவணி மாதம் சின்னவளின் அண்ணன் மகளுக்குக் காது குத்து வந்தது. நாங்கள் இருவரும் முதல் நாளே வரதராஜன்பேட்டைக்குப் போனோம். விசேஷத்தன்று கோயில் மரத்தடியில் சமையல். பந்திக்குப் பாயசம் கொதிக்கிறது, அவர்கள் ஊர் முந்திரி கை கொள்ளாமல் போட்டு. சின்னவளைக் கரண்டியும் கையுமாகப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். நான் தூரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அங்கே வரைக்கும் அடிப்பிடித்த வாடை வந்தது. எனக்கு வாடை எப்போதுமே கூடுதலாகத் தெரியும், ஊதுபத்தி ஏற்றினாலே தலை கனக்கும். திரும்பிப் பார்த்தால் சின்னவள் அண்டாவுக்கு மேலே குனிந்து நிற்கிறாள், பக்கத்தில் இருப்பவளோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு! அவள் மூக்குக்கு நேர் கீழே பாயசம் கருகிக்கொண்டிருக்கிறது.

எல்லோரும் ஓடி வந்து கத்தினார்கள். அவள் அண்ணி, "மூக்க வூட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?" என்றாள். சின்னவள் சிரித்துச் சமாளித்தாள். பிறகு என்னிடம் தனியாக வந்து, "எனக்கு வாசனையே தெரியலக்கா. ரொம்ப நாளாவே தெரியல. மல்லிப்பூ வெச்சுக்கிட்டாக்கூடத் தெரியல. டாக்டர் நல்லாயிருச்சுன்னு சொன்னாருன்னுதான் சும்மா இருந்தேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. அடிப்பாவி! நல்லாயிருக்கு என்று அவர் சொன்னது என் மூக்கை அல்லவா?

மறுநாள் ஊருக்குத் திரும்புகிற வழியில் அரியலூரில் அவளைக் கையைப் பிடித்து இறக்கினேன். சிமெண்ட் லாரிகளின் தூசிக்குள் அவள் தும்மிக்கொண்டே வர, நான் நொண்டிக்கொண்டே நடக்க, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். இந்த முறை டோக்கன் இரண்டு. உள்ளேயும் இருவரும் சேர்ந்தே போனோம்.

பெண் டாக்டர், என் வயதுதான் இருக்கும். எங்களையும் எங்கள் ஒரே மாதிரி சேலைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்றார்.

"எனக்கு" என்றோம் இருவரும்.

"சரி, என்ன பண்ணுது?"

சின்னவள் தொடங்கினாள். "மூக்கு அடைக்குதுங்க, தும்மல், வாசனை தெரியல, தோளெல்லாம் வலி..." நான் இடையில் புகுந்து, "தோளு எனக்குங்க. இவளுக்குத் தும்மல்" என்றேன். டாக்டர் என்னைப் பார்த்து உங்களுக்கு என்ன என்றார். "உடம்பெல்லாம் வலி, தலைபாரம், மூக்கு..." என்று நானும் தடம் மாறினேன். இத்தனை நாளாய் இரண்டு உடம்புக்காரியாகப் பேசிப் பேசி வாய்க்குப் பழகிவிட்டது, என்ன செய்ய? கடைசியில் பெரம்பலூர்க் கதை முழுவதையும் ஒப்பித்துவிட்டோம். காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை பங்கு பிரித்த இடம் வந்தபோது அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு சின்னவளின் மூக்குக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் திராட்சை மாதிரி சதை வளர்ந்து வழியை அடைத்திருந்தது. ரொம்ப நாள் அலர்ஜி, அதனால்தான் வாசனையும் போயிருக்கிறது, மூச்சு முட்டுவதால் தூக்கம் கெட்டு அசதியும் வருகிறது என்றார். என் மூக்கையும் பார்த்தார். சுத்தம். இதோ, மறுபடியும் ஒன்றுமில்லை என்று சொல்லப்போகிறார்.

"சரி, இவங்களுக்கு என்ன பண்ணுதுன்னு நீங்க சொல்லுங்க" என்று சின்னவளைப் பார்த்துக் கேட்டார் டாக்டர்.

சின்னவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "காலையில எந்திரிச்சதும் கட்டில்லயே கொஞ்ச நேரம் உக்காந்திருப்பாங்க. கைவெரல மடக்கி மடக்கிப் பாப்பாங்க. தல வாரும்போது பாதியிலயே கைய எறக்கிருவாங்க, மிச்சத்த நான்தான் வாரி விடுவேன். இவங்க புள்ள ஓடியாந்து கட்டிக்கிட்டா சிரிப்பாங்க, ஆனா கண்ண இறுக்கி மூடிக்குவாங்க. ஒருநாளு நல்லா வேலை பாத்தாங்கன்னா மறுநாளு அவ்ளோதான். மழ வர்றதுக்கு முன்னாடி ஜாஸ்தியாவும். பேசிட்டே இருக்கும்போது வார்த்த மறந்துருவாங்க, நான் எடுத்துக் குடுப்பேன். நடிப்பெல்லாம் இல்லீங்க. வலிக்கலன்னு வேணா நடிப்பாங்க."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவும் எனக்கே தெரியாது. கண்ணை மூடிக்கொள்வதெல்லாம் நான் யாருக்கும் தெரியாமல் செய்கிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? அந்த மூக்கடைத்த கழுதையைக் கட்டிக்கொண்டு அங்கேயே ஓவென்று அழுதேன். கட்டிக்கொண்டதில் தோள் வலித்தது. வலித்தால் வலிக்கட்டும்.

டாக்டர் என் கழுத்து, தோள், முழங்கை, முழங்கால் என்று அங்கங்கே அழுத்திப் பார்த்தார். சும்மா விரலை வைத்ததற்கே நான் துள்ளினேன். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டா, மூட்டு வாதமா, சத்துக் குறைவா என்று பார்க்க. எல்லாம் சரியாகவே வந்தன. அடுத்த முறை போனபோதுதான் பேர் சொன்னார். ஃபைப்ரோமயால்ஜியா.

"மூக்கு ஸ்கேன்லயோ ரத்தத்துலயோ இது தெரியாதும்மா. தெரியலங்கிறதுனால இல்லன்னு அர்த்தமில்ல. வலிய உணர்ற நரம்பெல்லாம் உங்களுக்குச் சத்தத்தக் கூட்டி வெச்ச ரேடியோ மாதிரி வேலை செய்யுது. வலி நெசம். மூக்குச் சீக்குலயும் அசதி, தலைபாரம், தூக்கக் கெடுதி வரும், இதுலயும் வரும். ஒருத்தருக்கே ரெண்டும் இருக்கிறதும் உண்டு. அதனாலதான் குழம்பிடும். ஆனா மூக்கு சுத்தமா இருந்தும் உடம்பு முழுக்க இத்தனை மாசமா வலிக்குதுன்னா, மூக்கையே பாத்துட்டு இருக்கக் கூடாது."

"சரியாயிருமாங்க?"

"அவங்க மூக்க நல்லாவே சரி பண்ணிரலாம். உங்களோடத அடக்கி வெக்கலாம். தெனமும் கொஞ்சம் கொஞ்சமா நடங்க, ஒரே நாள்ல ஊரையே தூக்காதீங்க, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. முக்கியமா ஒண்ணு" என்று விரலை நீட்டினார். "ஒருத்தர் மாத்திரைய ஒருத்தர் தொடக் கூடாது!"

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் நடு வீட்டில் நின்று அத்தைக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். டாக்டராகவும் அவளே, நானாகவும் அவளே. கட்டிலில் உட்கார்ந்து விரலை மடக்கினாள், சீப்பைப் பாதியில் இறக்கினாள், கண்ணை இறுக்கி மூடினாள். என் வீட்டுக்காரர் அன்றைக்குத் தட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அத்தை மட்டும் ஆட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். ஆடு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீடு தமாஷாகத்தான் இருந்தது. சின்னவள் காலையும் மாலையும் கிணற்றடியில் நின்று உப்புத் தண்ணீரை ஒரு மூக்கில் விட்டு மறு மூக்கு வழியாக வெளியே விடுவாள். பார்க்க வந்த பெண்கள் பாதி பேர் பயந்தும் மீதி பேர் சிரித்தும் போனார்கள். ஸ்பிரே அடித்தாள், மாத்திரை சாப்பிட்டாள். ஐப்பசியில் திருச்சிக்குப் போய்ச் சதையை எடுத்துவிட்டும் வந்தாள். ஒருநாள் மாடு கட்டின இடத்தைத் தாண்டும்போது நின்று, "ஐயய்யே, என்னா நாத்தம்க்கா!" என்று கத்தினாள். சாணி நாற்றத்துக்கு அப்படிச் சந்தோஷப்பட்டவளை நான் பார்த்ததில்லை. நான் வெங்காயக் காட்டு வரப்பில் நடந்தேன். முதலில் கிணறு வரைக்கும், பிறகு தார் ரோடு வரைக்கும். வலி போய்விடவில்லை. வந்துவிட்டாயா, சரி, உட்கார் என்று அதனிடம் சொல்லப் பழகிக்கொண்டேன். உட்கார்ந்து தாள் அறுக்க முடியாத நாளில் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். இரண்டு பேரும் தலைக்குக் குளித்தோம், ஆசை தீர, அத்தை எதிரிலேயே.

ஆனால் தனி அடுப்புப் பேச்சை அத்தை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. மார்கழி முடியப் போகிறது. மனசுக்குள் அது உறுத்திக்கொண்டே இருந்தது. போகியன்று வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருந்த அத்தையிடம் நேராகவே போய் நின்றேன். சின்னவளும் கோலமாவுக் கிண்ணத்தோடு பின்னாலேயே வந்து நின்றாள்.

"அத்த, நாளைக்கு எத்தனை பானை?"

அத்தை வாளியை வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். வலது கையை மடக்கி மடக்கி நீட்டினார். அப்போதுதான் பார்த்தேன். இத்தனை வருஷமாக அந்தக் கையை நான் பார்க்கவே இல்லை.

"நான் இந்த வூட்டுக்கு வந்த புதுசுல எனக்கும் இப்புடித்தான் இருந்துச்சு. இப்பவும் இருக்கு. எம் மாமியா நடிக்கிறான்னாங்க. ஊரே சொல்லுச்சு. எல்லாரும் சொல்றாங்களே, அப்ப நாம நடிக்கத்தான் செய்றோம் போலன்னு நானும் நெனச்சுக்கிட்டேன்" என்றார். உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கள் இருவரையும் முறைத்தார். "பானை ஒண்ணுதான். எதுக்கு ரெண்டு? பொங்கல் முடிஞ்சதும் அந்த அரியலூரு டாக்டரம்மாகிட்ட என்னையும் கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு, எனக்கு என்னா வலிக்குதுன்னு நானே சொல்லிக்குவேன். நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது."